பாய்மரத்தில் கட்டிய வாரண்டு

நடுக்கடலில் இரண்டு கப்பல் முட்டிக்கொண்டால் சென்னையில் முதல் டெலிபோன் எங்கள் சேம்பரில்தான் அடிக்கும். இன்றைக்கும் அப்படித்தான். மாடிப்படி ஏறும் இடத்தில் வக்கீல்களின் பெயர்ப்பலகைகள் சுவரே தெரியாமல் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. இடம் போதாமல் பக்கத்து மாடியையும் பிடித்தாகிவிட்டது. வியாபார வழக்கு என்றால் பம்பாய்க்காரனும் கல்கத்தாக்காரனும் அந்தப் படியைத்தான் தேடி வருகிறான். அந்தச் சேம்பரைத் தூக்கி நிறுத்தியவன் நான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், ராயபுரத்துக்காரன். சொல்வதற்கு எனக்கென்ன கூச்சம்? செய்தவன்தானே சொல்ல வேண்டும்.

பாரிஸ்டர் பேசினார், ஜெயித்தார். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் பேசுவதற்குக் கோர்ட்டில் ஒரு கப்பல் இருக்க வேண்டுமே. அது ஓடிப்போகாமல் இருக்க வேண்டுமே. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

சேம்பர் என்றால் பாரிஸ்டர் உட்கார்ந்து வழக்குப் பார்க்கிற இடம். எங்களுடையது பெரிய கோர்ட்டுக்கு எதிர்ப்பக்கத் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், இரண்டே அறை. அதை ஆரம்பித்தவர் ஒரு வெள்ளைக்காரப் பாரிஸ்டர். நாங்கள் பெரிய துரை என்போம். கொலை, திருட்டு, பாகப்பிரிவினை எதையும் தொடமாட்டார். கப்பல், சரக்கு, இன்ஷூரன்ஸ், வியாபார ஒப்பந்தம், அவ்வளவுதான். சரக்கு நனைந்தால் யார் பொறுப்பு, கப்பல் தாமதித்தால் யார் பொறுப்பு, குடோன் எரிந்தால் யார் பொறுப்பு என்று ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டே யோசிப்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சரக்கைப் பற்றிய தகராறோ அந்தச் சரக்கில் கொஞ்சம் முதலில் மேஜைமேல் வந்தாக வேண்டும். அதைப் பார்த்து, முகர்ந்து, கையால் நசுக்கிய பிறகுதான் காகிதக் கட்டின் சிவப்பு நாடாவை அவிழ்ப்பார். அதனால் எங்கள் மேஜைமேல் எப்போதும் ஏதாவது இருக்கும். புழுத்த அரிசி, துருப்பிடித்த தகடு, ஒட்டிப்போன புளி. ஒருமுறை கருவாடு வந்து பக்கத்து ஆபீஸ்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். துரை அதை ஜன்னல் ஓரம் நகர்த்தினாரே தவிர எடுக்கச் சொல்லவில்லை.

நான் அப்போது துறைமுகத்தில் மூட்டை இறங்க இறங்கக் கூவிக் கணக்குச் சொல்கிறவன். ஒரு வழக்கில் சாட்சிக்குப் போனேன். எதிர்வக்கீல் என்னைக் குடைந்தார். நான் கப்பல் மேல்தளத்துக்குக் கேட்கிற குரலில் பதில் சொன்னேன். கோர்ட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். வெளியே வந்ததும் துரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "உனக்குக் கடலும் தெரிகிறது, பயமும் இல்லை. வந்துவிடு" என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். அன்றிலிருந்து நான் சேம்பர் குமாஸ்தா. இங்கிலீஷ் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதும் அங்கேதான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷத்தில் அந்தச் சட்டப் புத்தகங்களோடு அந்த மாடியில் இருந்தவன் நான் ஒருவன்தான். துரையே திரும்பி வந்து பார்த்து அசந்துபோனார்.

சுதந்திரம் வந்த சில வருஷத்தில் துரை ஊருக்குக் கிளம்பிவிட்டார். சேம்பர், புத்தகம், மேஜை எல்லாவற்றையும் தம்மிடம் ஜூனியராக இருந்த நம் ஊர்க்காரப் பாரிஸ்டரிடம் விட்டார். இவர் லண்டனில் படித்தவர். நல்ல மூளை. வாயைத் திறந்தால் சட்டம் மணி மணியாக விழும். ஆனால் இளவயசு. துரையின் முகத்துக்காக வந்துகொண்டிருந்த வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வேறு சேம்பருக்குப் போய்விட்டன. மேஜை காலியானது. அந்த மேஜை காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

ஒருநாள் ஐயா, அதாவது இந்தப் புதுப் பாரிஸ்டர், என்னைக் கூப்பிட்டார்.

"டில்லியில ஒரு சர்க்கார் வேலை இருக்கு. மாமனார் ஏற்பாடு பண்ணியிருக்கார். கோடை விடுமுறைக்குக் கோர்ட்டு மூடறதுக்குள்ள ஒரு நல்ல கேஸ் வரலேன்னா சேம்பரை மூடிடலாம்னு இருக்கேன்."

"மூடிட்டா நான் இன்னா ஆவறது ஐயா?"

"உமக்கென்ன, துறைமுகம் இருக்கே."

எனக்குச் சுருக்கென்றது. மறுபடி மூட்டைக் கணக்குக் கூவவா நான் இத்தனை பாடுபட்டேன்?

பாரிஸ்டர் வழக்குத் தேடிப் போகக்கூடாது. அது அவர்கள் தொழில் தர்மம். கட்சிக்காரன்கூட நேரே வர முடியாது. முதலில் அட்டர்னியிடம் போக வேண்டும். அட்டர்னிதான் காகிதத்தைக் கட்டி எங்களிடம் கொண்டுவருவார். அந்தத் தர்மத்தை நானும் மீறவில்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு டீக்கடையில் போய் டீ குடித்தேன், அவ்வளவுதான். எங்கே டீ குடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

அங்கே என் பழைய சினேகிதர் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். மாதவரத்தில் தோல் பதனிடும் கிடங்கு வைத்திருந்தவர். டீ ஆறி ஆடை படிந்துகிடந்தது.

"இன்னா பாய், மூஞ்சி ஏன் இப்படிக் கீது?"

"தோஸ்து, பேஜாராப் பூட்ச்சுபா. ஆப்பிரிக்காலேர்ந்து பட்டை வரவழைச்சேன். தோலு ஊறவைக்கிற மரப்பட்டை. கப்பல்லயே நனைஞ்சு பூஞ்சக்காளான் பிடிச்சு வந்துகீது. கேட்டா, நம்ம ஊர் மழைல நனைஞ்சுதுன்றான் ஏஜென்ட்டு. இந்த வெயில்ல ஏதுபா மழை? இதுல தோலைப் போட்டா தோலும் பூடும். கிடங்கை மூடிட்டு நான் எங்க போவேன்?"

"கப்பல் எங்க கீது?"

"சரக்கை எறக்கிட்டு வெளிய நங்கூரம் போட்டுக்கினு நிக்குது. நாளிக்கு சாயங்காலம் கிளம்புதாம். அந்தக் கம்பெனிக்கு இந்த ஊர்ல ஒரு ஆணிகூட சொந்தமில்ல. கப்பல் பூட்ச்சுன்னா யாரைப் புடிக்கிறது?"

நான் அவரை எழுப்பி அட்டர்னி வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனேன். போகிற வழியில் அவர் கிடங்கிலிருந்து ஒரு கூடைப் பட்டையை எடுத்துவரச் சொன்னேன்.

மறுநாள் காலை அந்தப் பட்டை எங்கள் மேஜையில் இருந்தது. ஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். திடீரென்று ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டு மென்றார். முகம் அஷ்டகோணலானது.

"என்னய்யா இது, வாயெல்லாம் இழுக்குது!"

"பட்டைன்னா தொவர்க்கும் சார்" என்றார் பாய். "அத்த முழுங்கிட்டு நாக்க சும்மா வெச்சுக்கினு இருங்க. பின்னால இன்னா வருது?"

ஐயா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்லச் சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்து மாசக்கணக்காகிவிட்டது.

"உப்பு."

மழைத்தண்ணீரில் ஏது உப்பு? கடல்தண்ணீர்தான் கப்பலுக்குள் புகுந்திருக்கிறது. ஐயா அங்கியை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினார். கப்பலையே கைது செய்ய வேண்டும் என்று கேட்டார். கப்பலைக் கைது பண்ணலாம் என்று கேள்விப்பட்டதும் பாய்க்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "வெலங்கு எந்தக் கையில மாட்டுவாங்க?" என்று என்னிடம் கேட்டார். ஜட்ஜும் நெடுநேரம் யோசித்துவிட்டு உச்சிவேளைக்கு முன்னால் வாரண்டில் கையெழுத்துப் போட்டார்.

வாரண்டை நிறைவேற்ற ஓர் அமீனாவைக் கொடுத்தார்கள். குடையும் வெற்றிலைப் பெட்டியுமாக வந்த பெரியவர். வீடு ஜப்தி செய்வதில் பேர் போனவர். கப்பலை அதுவரை கரையிலிருந்துகூடச் சரியாகப் பார்த்ததில்லை. கையில் ஒரு கொட்டாங்கச்சி நிறையப் பசை. பின்னால் தமுக்கடிக்கிற ஆள் ஒருவர்.

ராயபுரம் கரையில் எனக்கு வேண்டிய ஒரு தண்டல் இருந்தார். படகுக்குத் தலைவரைத் தண்டல் என்போம். தமுக்கைப் பார்த்ததும் அவர் வாயைக் கட்ட முடியவில்லை.

"இன்னா மாமு, கப்பலுக்குக் கல்யாணமா? மேளத்தோட போறே?"

"கப்பலைப் புடிக்கப் போறோம் நைனா."

"தூண்டில்லயா, வலைலயா?"

துடுப்புப் போடுகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அமீனா மட்டும் சிரிக்கவில்லை. அலையைத் தாண்டும்போதே அவருக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. கப்பலுக்குப் போய்ச் சேரும்வரை படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடலுக்குப் பூஜை செய்துகொண்டே வந்தார்.

கப்பலில் கோர்ட்டு ஆட்களை மட்டும் ஏறவிட்டார்கள். நானும் தண்டலும் கீழே படகில் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் மேலே தமுக்கு டம டம என்று முழங்கியது. மாலுமிகள் கைதட்டி விசிலடிக்கிற சத்தம் கேட்டது. யாரோ ஆடினார்கள் போலிருக்கிறது. அமீனா பெருமையோடு இறங்கி வந்தார். "முடிஞ்சது" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

கரையில் ஐயா கோட்டோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். பாயும் பக்கத்தில் நின்றார்.

"பாய்மரத்துல ஒட்டியாச்சா?" என்றார் ஐயா.

அமீனா விழித்தார். "பாய்மரமா? அதுல பாயே இல்லையே சார். நல்ல இடமாப் பாத்து, காப்டன் அறைக் கதவுல ஒட்டிட்டேன். மூணு தரம் தமுக்கும் அடிச்சாச்சு."

"கதவுலயா?"

"வூடுன்னா கதவுலதானே சார் ஒட்டறது? இந்தக் கையால எத்தினி கதவுல ஒட்டியிருக்கேன், ஒருத்தனும் குத்தம் சொன்னதில்ல."

ஐயா தலையில் கைவைத்துக்கொண்டார். "கப்பல்னா பாய்மரத்துலதான் பதிக்கணும்யா. இல்லாட்டி கைது செல்லாதுன்னு அவன் கிளம்பிப் போயிடுவான். இதை நான் முன்னாலேயே சொல்லியிருக்கணும். வாரண்டு வாங்கின சந்தோஷத்துல மறந்துட்டேன்."

அன்றைக்கு விட்டால் கப்பல் போய்விடும். கப்பல் போனால் பாயின் வழக்குப் போகும். வழக்குப் போனால் சேம்பர் போகும். மூவரும் கடலைப் பார்த்தோம். அந்த நேரம் பார்த்துக் கப்பலின் புகைக்குழாயில் கரும்புகை திரண்டு எழுந்தது.

"போலாம் ஐயா" என்றேன். "நீங்களும் வாங்க. காப்டன்கிட்ட இங்கிலீஷ்ல பேச ஆள் வேணும்."

அவர் லண்டனுக்குப் போய்வந்த பெரிய கப்பலைத் தவிர வேறெதிலும் கால் வைத்தவர் இல்லை. ஒரு நொடி தயங்கினார். பிறகு பூட்ஸைக் கழற்றிப் பாயின் கையில் கொடுத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறினார். அமீனாதான் வரமாட்டேன் என்று மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"என் குடலே வெளிய வந்துடுச்சு சார். நீங்களே ஒட்டிக்குங்க."

"நான் ஒட்டினா செல்லாதுய்யா. கோர்ட்டு ஆள் கை வேணும்."

அவரை அப்படியே குடையோடு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் படகில் வைத்தேன். அந்த வயசில் நான் தூக்காத மூட்டையா? கரையோரம் இருந்த தச்சரிடம் ஒரு சுத்தியலும் ஒரு பிடி ஆணியும் வாங்கிக்கொண்டேன். தண்டல், "இது கல்யாணம் இல்ல, பொண்ணத் தூக்கிக்கினு ஓடறது" என்று சொல்லிக்கொண்டே படகைத் தள்ளினார்.

சாயங்காலக் காற்று ஏறிவிட்டிருந்தது. அலை படகை எடுத்து எடுத்து அடித்தது. ஐயா நெற்றியில் முடி ஒட்டிக்கொள்ள, உப்புத்தண்ணீர் வழிய வழிய, வாரண்டின் இன்னொரு பிரதியைச் சட்டைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் கப்பலின் அடிக்குப் போகும்போது நங்கூரச் சங்கிலி கடகடவென்று ஏறிக்கொண்டிருந்தது. ஏஜென்டின் படகுக்காகத் தொங்கவிட்ட நூலேணி மட்டும் இன்னும் சுருட்டப்படாமல் ஆடியது. நான் தாவிப் பிடித்தேன். எனக்குப் பின்னால் ஐயா. அமீனாவைத் தண்டல் கீழிருந்து தலையால் முட்டி முட்டி ஏற்றினார்.

மேலே காப்டன் வழிமறித்தார். சிவந்த மூஞ்சி. ஐயா இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கப்பலைக் கைது செய்தாகிவிட்டது என்று சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. எங்கே காகிதம் என்பதுபோலக் காப்டன் தன் அறைக் கதவைக் கை காட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். கதவில் காகிதம் இல்லை. பசையின் ஈரத் தடம் மட்டும் இருந்தது. காற்றடித்துப் போனதோ, கிழித்தார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

நான் அமீனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடுவிலிருந்த பாய்மரத்துக்கு ஓடினேன். அவர் கையில் சுத்தியலைக் கொடுத்தேன். காகிதத்தை விரித்துப் பிடித்தேன். அவர் ஆணியை வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தார். டண் என்று கோயில் மணி மாதிரி சத்தம் வந்தது. ஆணி மடங்கித் தெறித்தது. இரும்புப் பாய்மரம். மாலுமிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அமீனா இன்னொரு ஆணியை எடுத்தார். அதுவும் மடங்கியது.

"பசை?" என்றேன்.

"கரையிலயே வெச்சுட்டேன்."

ஐயாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்போது தண்டல் இடுப்பில் சுற்றியிருந்த தேங்காய்நார்க் கயிற்றை அவிழ்த்து அமீனாவிடம் நீட்டினார். "சுத்தி இறுக்குய்யா. ஈரக்கயிறு, புடிச்சா உடாது. கையி உன்னுதா இருக்கணுமாம்ல, சுத்து."

அமீனா பாய்மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார். நானும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அவரோடு ஓடினேன். "எழுத்து மறையக்கூடாது, கோர்ட்டு முத்திரை தெரியணும்" என்று ஐயா கத்திக்கொண்டே எங்கள் பின்னால் வந்தார். முடிச்சை எப்படிப் போடுவதென்று தண்டல் சொல்லச் சொல்ல அமீனாவே போட்டார். கோர்ட்டு முத்திரை கயிற்றுக்கு நடுவே சூரியன் மாதிரி தெரிந்தது.

ஐயா காப்டன் பக்கம் திரும்பினார். நனைந்த சட்டை, வெறுங்கால். ஆனால் பேசின பேச்சு! ஒரு வார்த்தையும் உரக்கச் சொல்லவில்லை. இனி இந்தக் கப்பல் ஒரு முழம் நகர்ந்தாலும் கோர்ட்டை அவமதித்த குற்றம் யார் தலையில் விழும் என்று சொன்னார் என்று பிறகு என்னிடம் விளக்கினார். காப்டன் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு முன்பக்கம் திரும்பி ஏதோ உத்தரவு போட்டார்.

சங்கிலி நின்றது. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அதே சங்கிலி கடகடவென்று கடலுக்குள் இறங்கியது. என் ஆயுசில் எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு ஈடில்லை.

திரும்பும்போது அமீனாவுக்கு வாந்திகூட வரவில்லை. கரை நெருங்கியதும் பாய் கையில் பூட்ஸை உயர்த்திப் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் நின்றது தெரிந்தது.

"நின்னுடுச்சா?" என்று கூவினார்.

"நின்னுகினு கீது பாய்!" என்று நான் கூவினேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே. எர்ணாவூர் வரை கேட்டிருக்கும்.

அடுத்த வாரமே கப்பல் கம்பெனி தன் வக்கீலை அனுப்பியது. ஆணியடிக்காமல் கயிறு கட்டியது கைதாகுமா என்று அவர் வாதாடிப் பார்த்தார். இரும்பில் ஆணி இறங்காது என்று ஐயா சொன்னதும் ஜட்ஜே சிரித்துவிட்டாராம். கம்பெனி கோர்ட்டில் ஜாமீன் கட்டிக் கப்பலை மீட்டுக்கொண்டு போனது. வழக்கு முடிய நாளாயிற்று. பாய் ஜெயித்தார். அதற்குள் அவர் கிடங்கில் புதுப் பட்டை வந்து இறங்கிவிட்டிருந்தது.

அதெல்லாம் பின்னால். கப்பலைப் பிடித்த அதே வருஷம், கோடை விடுமுறைக்குக் கோர்ட்டு மூட இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது ஒரு காலை. ஐயா மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். டில்லிக்கு என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மாடிப்படியில் ஏதோ மோதி மோதி வருகிற சத்தம். எட்டிப் பார்த்தால் தண்டல். தோளில் ஒரு முழுநீளப் பலகை. படகின் பக்கப்பலகை, நடுவில் பிளந்திருந்தது. நேரே உள்ளே வந்து ஐயாவின் மேஜைமேல் கிடத்தினார். மேஜையில் இருந்த பட்டைக் கூடை ஓரத்துக்கு நகர்ந்தது.

"இன்னா நைனா இது?" என்றேன்.

"நேத்து ஒரு மோட்டார் படகுக்காரன் இடிச்சுட்டு நிக்காம பூட்டான். இங்க வந்தா மொதல்ல பொருளைக் காட்டணும்னு பாய் சொன்னாரு. காட்டிட்டேன்."

"மொதல்ல அட்டர்னிகிட்டப் போவணும் நைனா. நேரா இங்க வரக்கூடாது."

"சரி, போறேன். பலகை இங்கியே இருக்கட்டும், கனமா கீது."

ஐயா எழுந்து பலகையின் பிளவை விரலால் தடவிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "குமாஸ்தா, படியில இன்னும் யாரோ நிக்கறாங்க போல இருக்கே?" என்றார்.

நான் போய்ப் பார்த்தேன். கையில் ஆளுக்கொரு பொட்டலத்தோடு மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் ராயபுரம் பக்கத்து முகம். யாரிடமும் அட்டர்னி இல்லை. நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர்களை அட்டர்னி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு படியிறங்கினேன்.